போர்வை போர்த்திய டி.வி.

அத்தியாயம் 14

ஷபீனா புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு வாரம் ஆகிறது. ஏன் போனாள் என்று சேலையூரில் ஆளாளுக்குக் காரணம் சொல்கிறார்கள். அவள் மட்டும்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.

தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. முதாசிருக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தொழில். கேம்ப் ரோட்டில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கால்பந்து என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். இந்த 2002 உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்து தொலைப்பதால், ஆட்டமெல்லாம் நம்மூர் வேலை நேரத்தில் வந்து விழுகிறது. பந்து உருள ஆரம்பித்தால் கடை ஷட்டர் பாதி இறங்கிவிடும். மருந்துக் கம்பெனி ரெப்பும் பேங்க் கிளார்க்கும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் ஹாலை நிறைத்துவிடுவார்கள். ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜுகள் வாயைப் பிளந்துகொண்டு வாசலில் நிற்கும்.

அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய நாளுக்கு மறுநாள் காலை, ஷபீனா ஒரு பையோடு கோவிலம்பாக்கத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு, அத்தா ஹாஜா மைதீனிடம் போய்விட்டாள். "உங்க மேட்ச் எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லி அனுப்புங்க" என்றதோடு சரி. அதன்பின் முதாசிர் போன் செய்தால் எடுப்பதில்லை.

இரண்டு நாள் முன்பு ஹாஜா மைதீனே போன் செய்தார். எடுத்தது முதாசிரின் அக்கா நஃபீசா. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை நேரில் வரவேண்டும், வராவிட்டால் பள்ளிவாசல் ஜமாஅத்துப் பெரியவர்களிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். 'தீர்த்துக்கொள்ளலாம்' என்பதை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி என்பது பிரேசிலும் இங்கிலாந்தும் காலிறுதியில் மோதும் நேரம். அது தற்செயலாக அவர் வாயில் வந்திருக்காது. மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டி பெரிதா, பந்து பெரிதா என்று பார்த்துவிடத்தான் மனிதர் அந்த நேரத்தைக் குறித்திருக்கிறார். அது புரிந்து நஃபீசா ரிசீவரைப் பிடித்தபடி நின்ற இடத்தில்தான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

*

வெள்ளிக்கிழமை காலை கேபிள்காரர் தசரதன் முதாசிர் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்திருந்தார். வந்த வேலையைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

"இன்னா சார் இது. மேட்ச் தெரியலைன்னு ஊரே என் கழுத்தைப் புடிக்குது. நீ இன்னாடான்னா லைனை வெட்டுன்ற. உடம்பு கிடம்பு நல்லா கீதா?"

முதாசிர் வெட்டச் சொன்னான். நாளைக்கு மனசு மாறிக் கூப்பிட்டால் உடனே ஓடிவர முடியாது, வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று தசரதன் எச்சரித்துப் பார்த்தார். கூப்பிடமாட்டேன் என்றான். வயர் துண்டாகிச் சுவரோரம் தொங்கியது.

மருந்துக் கம்பெனி ரெப் மோகன்ராஜ், குரோம்பேட்டை டாக்டர்களையெல்லாம் காலையிலேயே ஓட்டமாகப் பார்த்து முடித்துவிட்டு, டையைத் தளர்த்திக்கொண்டே வந்து சேர்ந்தான். ஷட்டர் முழுசாக இறங்கியிருந்தது. வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக முதாசிர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நஃபீசா. அடுத்த தெருவில் இருப்பவள், மழலையர் பள்ளி டீச்சர், புருஷன் குவைத்தில். தலைவலி என்று சொல்லி அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

மோகன்ராஜிடம் விஷயத்தைச் சொன்னார்கள். நண்பன் குடும்பம் கெட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்று அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். "நல்லபடியா கூட்டிக்கிட்டு வா மச்சான்" என்று முதாசிரின் கையைப் பிடித்து அழுத்தினான். முதாசிர் ஸ்கூட்டரை உதைக்கத் திரும்பியதும், பக்கத்தில் வேறு யார் வீட்டில் கேபிள் இருக்கிறது என்று மோகன்ராஜ் நஃபீசாவிடம் தணிந்த குரலில் விசாரித்தான்.

முதாசிரின் அம்மா செய்த்தூன் பீவி வாசலுக்கு வரவில்லை. மருமகள் மேல் கோபம் என்று சொல்ல முடியாது, பிடிவாதம். தானாகப் போனவள் தானாக வரட்டும் என்பது இரண்டு வாரமாக அவருடைய பேச்சு. இன்றைக்கும் உள்ளே இருந்து அதையேதான் சொன்னார்.

வழிநெடுக ஊர் வேலையை மறந்து நின்றது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டி.வி. கடை வாசலில் கொரியர்காரர்களும் செக்யூரிட்டிகளும் முண்டிக்கொண்டிருந்தார்கள். செம்பாக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர் டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிர்க் கடை டி.வி. முன்னால் நின்றார். வண்டிக்குச் சொந்தக்காரர் அவரைத் தேடவில்லை. அவரும் அங்கேதான் நின்றார்.

முதாசிர் எந்தப் பக்கமும் திரும்பாமல் ஓட்டினான். மேடவாக்கம் கூட்டுரோடு டீக்கடையிலிருந்து பெரிய ஆரவாரம் கிளம்பியது. அணிகள் மைதானத்துக்குள் இறங்கியிருக்கும். அப்போது மட்டும் ஸ்கூட்டர் லேசாக ஆடியது. நஃபீசா அவன் தோளில் கையை வைத்தாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் பழக்கமான கை, கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தாள்.

*

ஹாஜா மைதீன் வாசலிலேயே நின்றிருந்தார். ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்ததும் அவர் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. ஜமாஅத் என்று வாயை விட்டதிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லை. மாப்பிள்ளை வராமல் போய்விட்டால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டுமே என்ற பயம் அவருக்கு.

ஹாலில் டி.வி. மேல் பூப்போட்ட போர்வை போர்த்தியிருந்தது. நஃபீசா அதைப் பார்ப்பதைக் கவனித்து அவரே விளக்கம் சொன்னார். கால்பந்தால் மனசு உடைந்து வந்த பிள்ளையின் கண்ணில் அந்தப் பெட்டி படக்கூடாது என்று வந்த அன்றே மூடிவிட்டாராம். தானும் ஒரு காலத்தில் பல்லாவரம் மைதானத்தில் இறங்கி ஆடியவர்தான், ஆனால் மகளுக்காக இந்த உலகக் கோப்பையையே கைகழுவிவிட்டதாகச் சொன்னார்.

கைகழுவினாரா என்பதை நான் சொல்லியாக வேண்டும். கீழ்க்கட்டளையில் அவருடைய பெயிண்ட் கடைக்கு எதிரே ஒரு சலூன் இருக்கிறது. சலூனில் டி.வி. இருக்கிறது. இந்த இரண்டு வாரத்தில் மனிதர் மூன்று தடவை முடி வெட்டிக்கொண்டார். வெட்டுவதற்கு முடி இல்லாமல் போன பிறகு, தாடியை ஒழுங்குபண்ணச் சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பேச்சு சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தது. மகள் என்ன குறை கண்டு வந்தாள் என்று அவர் கேட்டார். முதாசிர் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

"மாமா, காலையில கேபிளை வெட்டிட்டேன். இனிமே நம்ம வீட்ல மேட்ச் கிடையாது. ஃப்ரெண்ட்ஸ் வரமாட்டாங்க. ஷபீனாவுக்கு எது புடிக்கலையோ, அது இனிமே இல்ல."

மாமாவுக்குச் சொன்னானே தவிர, அவன் பார்வை சமையலறை வாசலில் இருந்தது. அங்கே ஷபீனா சர்பத் தட்டோடு நின்றிருந்தாள். இதைக் கேட்டதும் அவள் முகம் மலரும், ஒருவேளை கண்ணீர்கூட வரும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தான். அவள் முகமோ சுருங்கிச் சின்னதாகிப் போனது. தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதாசிர் மறுபடி உட்கார்ந்துவிட்டான். இதற்கு மேல் விட்டுக்கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை.

பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க மாப்பிள்ளை என்றார் ஹாஜா மைதீன். குரலில் தெம்பு இல்லை. அரையிறுதியும் இறுதியும் பாக்கி இருக்கும்போது கேபிளை வெட்டிய மனிதனைப் பார்த்து அவருக்கே பகீரென்றிருந்தது.

அதற்குள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து முடிவு செய்துகொள்ளலாம் என்று இரண்டு ஆண்களும் கிளம்பினார்கள்.

*

நஃபீசா சமையலறைக்குள் வந்தாள். கேபிளை வெட்டியும் இவள் மனம் இறங்கவில்லை என்றால் அடுத்தது ஜமாஅத்துதான். தம்பியின் வாழ்க்கை இந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது, காலைப் பிடிப்பதா, அதட்டுவதா என்று யோசித்தபடி முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஷபீனா ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வெள்ளைத் தொப்பிகளும் முனை திரும்பி மறைந்தன.

"அக்கா, தொழுதுட்டு வர எவ்வளவு நேரமாகும்?"

முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றாள் நஃபீசா. ஷபீனா விறுவிறுவென்று ஹாலுக்குப் போனாள். போர்வையை உருவிச் சோபாவில் போட்டாள். பட்டனைத் தட்டி, தேடித் தடவாமல் நேரே அந்தச் சேனலுக்குப் போய் நிறுத்தினாள். திரை முழுக்கப் பச்சைப் புல். இங்கிலாந்து ஒன்று, பிரேசில் பூஜ்யம்.

"போச்சு, முதல் கோல் அவங்க போட்டுட்டாங்க" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முக்காலியோடு பின்னாலேயே வந்த நஃபீசாவுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"உனக்குத்தான் இது புடிக்காதேம்மா."

"யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று நஃபீசா யோசித்துப் பார்த்தாள். முதாசிர் சொன்னான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா சொன்னார், மோகன்ராஜ் சொன்னான், மளிகைக் கடையில் சொன்னார்கள். இவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. தானும்தான் கேட்கவில்லை.

ஷபீனா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொல்லிக்கொண்டு போனாள். சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தா சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பல்லாவரம் மைதானத்துக்குக் கூட்டிப்போவார். பையன்களுக்குத் தெரியாத ஆஃப்சைடு விதி அவளுக்குத் தெரியும். இந்த இரண்டு வாரமும் அவள் பார்த்தது போர்வையைத்தான். அத்தா கடைக்குப் போனபின் போடலாம் என்றால், ஆறுதல் சொல்ல அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிடுவார்கள். வந்து கால்பந்தைத் திட்டுவார்கள். அவளும் தலையாட்டிக்கொண்டு டீ கொடுப்பாள்.

இடைவேளைக்கு விசில் ஊதப்போகும் நேரத்தில் பிரேசில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. ஷபீனா நஃபீசாவின் முழங்காலில் ஓங்கி அடித்தாள். வலித்தது. நஃபீசா முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ரொனால்டினோ வெகு தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் அடித்தான். பந்து கோல்கீப்பர் தலைக்கு மேலே போய் வலைக்குள் இறங்கியது. வேண்டுமென்றே அடித்தானா, தவறிப்போய் விழுந்ததா என்று நஃபீசா கேட்டாள். கீப்பர் முன்னால் வந்து நின்றதைப் பார்த்துத்தான் அடித்தான் என்று சத்தியம் செய்யாத குறையாக ஷபீனா வாதாடினாள்.

கொஞ்ச நேரத்தில் அதே ஆட்டக்காரனுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். நஃபீசாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நன்றாகச் செய்த பிள்ளையை எந்தக் கிளாஸிலாவது வெளியே நிறுத்துவார்களா என்றாள். இப்போது பிரேசில் பக்கம் பத்தே பேர். இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதற்காக இங்கே வந்தோம் என்பதே நஃபீசாவுக்கு மறந்து போயிருந்தது.

*

தொழுதுவிட்டு மாமனாரும் மாப்பிள்ளையும் தோளோடு தோளாக நடந்து வந்தார்கள். தெருமுனை டீக்கடையில் ஆள் மேல் ஆளாகக் கூட்டம். உள்ளேயிருந்து 'ச்சே' என்று ஒரு பெரிய சத்தம் வந்தது. இருவருமே நின்றார்கள். செருப்பில் கல் என்றார் ஹாஜா மைதீன். செருப்பைக் கழற்றி உதறினார், நிதானமாக மறுபடியும் உதறினார். முதாசிர் வானத்தைப் பார்த்தான். யார் முன்னிலை என்று கேட்க இருவருக்குமே நாக்கு துறுதுறுத்தது. கேட்டால் அவ்வளவுதான் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் உள்ளேயிருந்தும் அதே மேட்ச் சத்தம் வருவது கேட்டது.

முதாசிர் முதலில் நுழைந்தான். தரையில் அவன் மனைவி. எதிரே பச்சை மைதானம். அவன் மூளை விழித்துக்கொள்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஸ்கோர் என்ன?"

கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஷபீனா எழுந்து சத்தத்தைக் குறைத்தாள். அவள் திரும்பியபோது கண்கள் நிறைந்திருந்தன.

"அன்னைக்கு நானும் கேட்டேன் மச்சான். இங்கிலாந்து, அர்ஜென்டினா மேட்ச் அன்னைக்கு. ஹால்ல எல்லாரும் கத்துனீங்க. நான் அந்தத் துணித் திரைக்குப் பின்னால டீத்தட்டோட நின்னுக்கிட்டு, கோல் யாரு போட்டதுன்னு கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். உங்க கை மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் வந்துச்சு. தட்டை வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு."

முதாசிருக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது. கேள்வி நினைவுக்கு வரவில்லை. ஆண்கள் ஹாலில் கூடும் நாட்களில் மருமகளின் மரியாதைக்காகச் செய்த்தூன் பீவி தைத்துத் தொங்கவிட்ட திரை அது. அதற்குப் பின்னால் அவளுக்கு வசதி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அந்த விளிம்புச் சந்தில் கண்ணை வைத்து அவள் ஆட்டம் பார்த்திருப்பாள் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

சொல்லியிருக்கலாமே என்றான்.

"என்னன்னு சொல்றது? மேட்ச் பாக்க விடலைன்னு வீட்டை விட்டு வந்துட்டேன்னு சொன்னா ஊரு சிரிக்காதா? எனக்கே சிரிப்பு வந்துச்சு. அழுகையும் வந்துச்சு. நான் கோவிச்சுக்கிட்டது மேட்சுக்காக இல்ல மச்சான். நான் பேசினது உங்க காதுல விழவே இல்லையே, அதுக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கமாக இருந்தது, வலித்தது, அதற்கு அடியில் ஒரு பெரிய பாரம் இறங்குவதும் தெரிந்தது. இவள் தன்னை வெறுத்துப் போகவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத தப்பைத் திருத்த முடியும்.

"எனக்குக் கேக்கல ஷபீனா. கேட்டிருக்கணும்" என்றான்.

ஹாஜா மைதீன் சோபாவில் போர்வை மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"நீ மனசு நோகக்கூடாதுன்னு ரெண்டு வாரமா அந்த சலூன்காரன்கிட்ட தலையைக் குடுத்துக்கிட்டிருக்கேம்மா" என்றார்.

ஷபீனா அவருடைய ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தாள். கண்ணீரோடு சிரித்தாள். இரண்டு வாரத்தில் அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு ஒண்ணு. பிரேசில் முன்னால இருக்கு, பத்து பேர்தான் ஆடுறாங்க" என்று சத்தத்தைக் கூட்டினாள். பிறகு தரையில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

கடைசி விசில் ஊதியபோது நாலு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். அதில் பிரேசிலுக்காக விட்டது எவ்வளவு, குடும்பத்துக்காக விட்டது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

மீதிப் பேச்சு சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நண்பர்கள் வரலாம் என்றாள் ஷபீனா. அவளும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நஃபீசா பக்கத்தில் ஹாலிலேயே உட்காருவாள். முக்காடு போட்டால் ஆட்டம் தெரியாமல் போய்விடாது. டீ யார் போடுவது என்று ஹாஜா மைதீன் கேட்டார். நான்தான் மாமா என்றான் முதாசிர். கேபிளை நிஜமாகவே வெட்டிவிட்டாரா என்று அவள் கவலையோடு விசாரித்தபோது, புதன்கிழமை அரையிறுதிக்குள் தசரதன் வீட்டு வாசலில் படுத்தாவது லைன் வாங்கிவிடுவதாக வாக்குக் கொடுத்தான்.

ஜமாஅத் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டிய வேறொன்று இருந்தது. மருமகள் ஹாலில் உட்காரப்போகிறாள் என்று செய்த்தூன் பீவியிடம் யார் சொல்வது? எல்லோரும் நஃபீசாவைப் பார்த்தார்கள்.

*

ஸ்கூட்டரில் ஷபீனா ஏறிக்கொண்டதால் நஃபீசா பஸ்ஸுக்கு வந்தாள். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த டெலிபோன் பூத்தில் நுழைந்து அம்மாவைக் கூப்பிட்டாள். அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. ஷபீனா வருகிறாள் என்றாள். ஏன் போனாள் என்பதைச் சொன்னாள். திரையைப் பற்றிச் சொன்னாள். புதன்கிழமை என்ன நடக்கப்போகிறது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மீட்டரில் காசு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பையில் சில்லறை தேடினாள்.

"சரி, வரட்டும். நான் அவகிட்டத்தான் பேசணும்" என்றார் செய்த்தூன் பீவி. போனை வைத்துவிட்டார். கோபமா, வேறு ஏதாவதா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. பெற்ற மகளுக்கே முடியவில்லை என்றால் நமக்கு எங்கே தெரியப்போகிறது.

அந்த நேரம் ஸ்கூட்டர் மேடவாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பை மடியில் இருக்க, ஷபீனா ஒரு கையால் புருஷனின் தோளைப் பிடித்திருந்தாள். முதாசிர் கழுத்தைப் பாதி திருப்பிப் பேசிக்கொண்டே ஓட்டினான். அன்றைக்கு அந்த கோல் எப்படி விழுந்தது, பெனால்டி எதற்குக் கொடுத்தார்கள், பெக்காம் பந்தை வைத்துவிட்டு எப்படி நின்றான் என்று இரண்டு வாரத்துக்கு முந்தைய ஆட்டத்தை நிமிஷம் நிமிஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

"சத்தமா சொல்லுங்க மச்சான், கேக்கல" என்றாள்.

முதாசிர் வேகத்தைக் குறைத்து ஓரமாக வந்தான். பஸ் போகும்வரை காத்திருந்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தான்.